நத்தார் ஏன் டிசம்பர் 25இல்?

பதுளை புனித மார்க் தேவாலயம் 1857ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. டிசம்பரில் ஊவாத் தோட்ட லயன்களிலும் நத்தார் நட்சத்திரங்கள் தொங்கும். "இது பைபிளிலேயே இல்லாத நாள்" என்று நம்மவர் சிலர் அந்த அயலவரிடம் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன்.

தகவல் சரிதான். இயேசு பிறந்த திகதியை பைபிள் கூறவில்லை. டிசம்பர் 25 பற்றிய மிகப் பழைய பதிவு கி.பி. 336இல் ரோமுக்குரியது. ரோமரின் சூரிய விழாவிலிருந்து வந்தது என்பர் சிலர். மார்ச் 25இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டிய கணக்கு என்பர் வேறு சிலர். ஆர்மீனியத் திருச்சபைக்கு ஜனவரி 6தான்.

இவற்றைக் கிறிஸ்தவ அறிஞர்களே எழுதியுள்ளனர். ஈஸா (அலை) அவர்களின் பிறப்பைக் கூறும் சூரா மர்யமிலும் திகதி இல்லை. பிறர் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்கிறது அல்குர்ஆன் (6:108). நத்தாரை நாம் கொண்டாடுவதில்லை. அதற்காக அயலவரைக் குத்திக்காட்டவும் வேண்டியதில்லை.