கண்ணாடி வில்லையில் ஒரு துளி: சிலாங்கூர்த் தோட்டங்களும் மலேரியா ஆய்வுக்கூடமும்

மலேரியாவைத் தமிழர் முறைக்காய்ச்சல் என்றும் குளிர்காய்ச்சல் என்றும் வழங்கி வந்தனர். இரண்டனுள் முறைக்காய்ச்சல் என்பதே நுட்பமான பெயர். நாள்தோறும் சீராக எரியாமல், ஒருநாள் விட்டு ஒருநாளோ இரண்டு நாள் விட்டு ஒருநாளோ முறை வைத்து வருவது இக்காய்ச்சலின் இயல்பு. அம்முறையின் காரணத்தை அறிவியல் பின்னரே கண்டறிந்தது. 1880ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவரான் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றில் கண்டார். ஒட்டுண்ணிகள் சிவப்பணுக்களுக்குள் வளர்ந்து பெருகி, அவற்றைப் பிளந்துகொண்டு ஒருசேர வெளிவரும் வேளையில் காய்ச்சல் எழுகிறது. வைவாக்ஸ், ஃபால்சிபாரம் ஆகிய இனங்களுக்கு இச்சுழற்சி 48 மணி நேரம். மலேரியே என்னும் இனத்திற்கு 72 மணி நேரம்.

இந்நோயோடு மலேசியத் தமிழரின் வரலாறு நெருங்கிப் பிணைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளானிலிருந்து வடக்கே ஜெராம், ஈஜோக், கோலசிலாங்கூர், பத்தாங் பெர்சுந்தை வரையிலும் காடுகள் திருத்தப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அங்கு உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்த மக்களுள் பலரை முதலில் வீழ்த்தியது காய்ச்சலே. லயத்து வீடுகளில் படுத்தவர்களுக்குத் தோட்ட மருத்துவமனையும் டிரசர் தந்த கொயினாவுமே துணையாயின.

1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டியும் காட்டை அழித்தும் கிள்ளான் நகரிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் நோயைப் பெரிதும் குறைத்தார். கடலோரச் சமவெளித் தோட்டங்களிலும் அம்முறை பயன் தந்தது. ஆனால் மலைப்பாங்கான உள்நாட்டுத் தோட்டங்களில் காடழித்த பின்னர்க் காய்ச்சல் குறையவில்லை, கூடியது. ஒரே மருந்து ஓரிடத்தில் அமுதமாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் ஆனதற்குக் காரணம் கொசுவின் இனவேறுபாடே. கடலோரச் சதுப்பில் நோய் பரப்பிய அனோபிலிஸ் அம்ப்ரோசஸ், காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. நிழலும் நீரும் நீங்கினால் அதுவும் நீங்கும். மலையோடைகளில் வளரும் அனோபிலிஸ் மகுலாட்டஸோ வெயில் படும் தெளிந்த நீரையே நாடுவது. மரங்களை வெட்டியதும் அதற்கு வாழ்விடம் பெருகியது. எனவே அங்கு நிலத்தடி வடிகாலும் ஓடைகளில் எண்ணெய் தெளித்தலும் தேவைப்பட்டன. இனத்தைப் பிரித்தறியாமல் செய்யும் நற்செயலும் தீங்காய் முடியலாம் என்பதே மலேரியா ஆய்வு நமக்குத் தரும் முதற்பாடம்.

கொசுவுக்குப் பொருந்துவது ஒட்டுண்ணிக்கும் பொருந்தும். அதன் இனத்தைப் பிரித்தறியும் பொறுப்பு மருத்துவ ஆய்வுக்கூட அறிவியலாளருடையது. நோயாளியின் முகத்தை அவர் காண்பது அரிது. அவரிடம் வருவது கண்ணாடி வில்லையில் தடவிய ஒரு துளிக் குருதி மட்டுமே. அத்துளியைப் பார்த்து அவர் எழுதும் ஒரு சொல்லே மருத்துவரின் மருந்தை முடிவு செய்கிறது.

இத்துறையில் உலகெங்கும் அறியப்பட்ட ஒரு முறை நம் நாட்டில் பிறந்தது என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று. 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஜே. டபிள்யூ. ஃபீல்ட் என்னும் ஆய்வாளர் நெடுங்காலம் மலேரியா ஆய்வில் ஈடுபட்டிருந்தார். நோயாளிகள் மிகுந்த நாட்டில் வில்லைகள் குவியும். ஒவ்வொன்றையும் அரைமணி நேரம் சாயத்தில் ஊறவைத்தால் வேலை முடியாது. இரு சாயக் கரைசல்களில் சில விநாடிகளே தோய்த்து எடுக்கும் எளிய முறையை அவர் வகுத்து, 1941இல் அதன் திருந்திய வடிவை வெளியிட்டார். ஃபீல்ட் சாயம் என்னும் பெயரில் அது பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் இன்றும் வழங்குகிறது.

குருதியை வில்லையில் இருவகையாகத் தடவுவர். தடித்த படலத்தில் குருதி பல அடுக்குகளாக அமைவதால், சிறிதளவே உள்ள ஒட்டுண்ணியும் அகப்படும். ஆயின் சாயமேற்றுகையில் சிவப்பணுக்கள் சிதைவதால் இனம் காண்பது கடினம். மெல்லிய படலத்தில் அணுக்கள் ஓரடுக்காகச் சிதையாமல் நிற்பதால் இனத்தை அறியலாம். ஆயின் குறைந்த எண்ணிக்கையில் உள்ள ஒட்டுண்ணி கண்ணுக்குத் தப்பக்கூடும். எனவே ஒன்று தேடுவதற்கும் மற்றொன்று தெளிவதற்கும் ஆகும்.

எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு உண்டு. தடித்த படலத்தில் 200 வெள்ளணுக்களை எண்ணி முடிக்கும்வரை தென்பட்ட ஒட்டுண்ணிகளைக் குறித்துக்கொள்வர். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 8,000 வெள்ளணுக்கள் உள்ளன எனக் கொள்வது வழக்கம். 200 வெள்ளணுக்களுக்கு 50 ஒட்டுண்ணிகள் தென்பட்டால், 50ஐ 8,000ஆல் பெருக்கி 200ஆல் வகுக்க, மைக்ரோலிட்டருக்கு 2,000 என வரும். மருந்து வேலை செய்கிறதா என்பதை அடுத்தடுத்த நாள்களில் இவ்வெண் இறங்குவதைக் கொண்டே அறிவர். ஒட்டுண்ணி இல்லை என்று எழுதுவதற்கும் விதி உண்டு: தடித்த படலத்தில் குறைந்தது 100 பார்வைப் புலங்களையேனும் பார்த்த பின்னரே அவ்வாறு எழுதலாம்.

இவ்விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்பதை உறுதிசெய்யும் பணியே தர உறுதிப்பாடு. சாயக் கரைசலின் காரஅமிலத் தன்மை 7.2 என்னும் அளவை விட்டு விலகினால் ஒட்டுண்ணியின் நிறம் மாறி அடையாளம் மயங்கும். ஆகவே புதிதாகக் கலக்கும் சாயத்தை, விடை தெரிந்த வில்லையில் முதலில் சோதிப்பர். ஒருவர் பார்த்த வில்லைகளுள் சிலவற்றை, முதல் விடையை அறியாத மற்றொருவர் மீண்டும் பார்ப்பார். முதல் விடையை முன்னரே அறிந்தவரின் கண் அதனையே காண விழையும் என்பதால்தான் இம்மறைப்பு. உலகச் சுகாதார நிறுவனம் நுண்ணோக்கியாளர்களைத் தேர்வு செய்து நான்கு நிலைகளாகத் தரம் பிரிக்கிறது. முதல்நிலை பெற, ஒட்டுண்ணி உண்டா இல்லையா என்னும் வினாவில் நூற்றுக்குத் தொண்ணூறேனும் சரியாக இருத்தல் வேண்டும். பல்லாண்டு அனுபவம் உடையவரும் தேர்வினின்று விலக்குப் பெறுவதில்லை.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என்னும் வினாவுக்கு மலேசிய வரலாறே விடை தருகிறது. குரங்குகளைப் பற்றும் நோலெசி என்னும் மலேரியா ஒட்டுண்ணியை, 1961இல் வார்ட்டன், ஐல்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் சிலாங்கூர்க் கடலோரத்து ரந்தாவ் பஞ்சாங்கில் பிடித்த அனோபிலிஸ் ஹாக்கெரி கொசுவில் கண்டனர். 1965இல், பகாங் காட்டில் தங்கித் திரும்பிய அமெரிக்கர் ஒருவருக்கு அவ்வொட்டுண்ணி இயற்கையாகத் தொற்றியிருந்தது உறுதியாயிற்று. நுண்ணோக்கியில் முதலில் ஃபால்சிபாரமாகவும் பின்னர் மலேரியேயாகவும் தோன்றிய அதனை, குருதியைக் குரங்குக்குச் செலுத்திய பின்னரே நோலெசி என அறிந்தனர். அதன் பின்னும் அதனை அரிய நிகழ்வாகவே பலர் கருதினர்.

சரவாக்கின் காப்பிட் பகுதியில் மலேரியே நோயாளிகள் வழக்கத்திற்கு மாறாகப் பெருகியிருந்ததையும், அவர்தம் குருதியில் ஒட்டுண்ணி மிகுந்திருந்ததையும் மலேசிய அறிவியலாளர் பல்பீர் சிங்கும் அவர்தம் குழுவினரும் ஐயுற்று நோக்கினர். மரபணுச் சோதனை செய்ததில், 208 நோயாளிகளுள் 120 பேருக்கு நோலெசி இருந்தது. மலேரியே ஒருவருக்கும் இல்லை. 2004இல் இம்முடிவு வெளியாயிற்று. நோலெசியின் வளர்ந்த நிலை மலேரியேயை ஒத்திருப்பதால் நுண்ணோக்கி மயங்கியது. நுண்ணோக்கியாளரின் கவனக்குறைவன்று அது, கருவியின் எல்லை.

எனினும் அம்மயக்கத்தின் விலை பெரிது. மலேரியே மெல்லப் பெருகும்; அதனால் உயிர் போவது அரிது. நோலெசியின் சுழற்சியோ 24 மணி நேரமே. நாள்தோறும் பெருகி, சில நாள்களுக்குள் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கக்கூடும். மலேரியே எனக் குறிக்கப்பட்டு இறந்தோர் நால்வரின் குருதியில் இருந்தது நோலெசியே என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

1967இல் தீபகற்பத்தில் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் பயனாக, 2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் தொற்றுவதில்லை. நோலெசி மட்டும் நீடிக்கிறது. கோலசிலாங்கூரின் மெலாவத்தி குன்றில் காணும் நீண்டவால் குரங்கின் இனம் அதன் இயற்கை ஓம்புயிர்களுள் ஒன்று. அதற்காகக் குரங்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கொசு கடித்தாலன்றி நோய் பரவாது, அக்கொசுக்களும் பெரும்பாலும் காட்டை அண்டியே வாழ்வன. காட்டோரத்தில் உழைப்போரும் மலையேறுவோரும் காய்ச்சல் கண்டால், தாம் சென்ற இடத்தை மருத்துவரிடம் மறவாமல் கூறுதல் வேண்டும். வில்லையை எவ்வளவு கூர்ந்து நோக்க வேண்டும் என்பதை அச்செய்தி உணர்த்தும்.

நோய் அருகிவரும் காலத்தில் ஆய்வுக்கூடத்தாருக்குப் புதிய இடர் ஒன்று உண்டு. நாளும் ஒட்டுண்ணியைக் கண்ட கண் அதனை எளிதில் மறப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை காணும் கண் மறந்துவிடும். ஆகவே பயிற்சி வில்லைகளும் மறுபரிசோதனையும் முன்னினும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. அறிவியல் பயிலும் தமிழ் மாணவர் மருத்துவத்தோடு இத்துறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதற்கு வேண்டிய முதற்பண்பு பொறுமை. அடுத்தது, தன் விடையைப் பிறர் சோதிப்பதை இழிவெனக் கருதாத மனம். வகுப்பறையில் கணக்கைச் செய்து முடித்ததும் விடையைச் சரிபார்க்கப் பழக்கும் ஆசிரியர், அப்பண்புக்கே வித்திடுகிறார்.