தொப்பிக்குக் கிடைத்த வேதாகமம்

கலேவெலயில் திருகோணமலை பஸ் ஏறினால் தம்புள்ள, ஹபரண வழியே கொட்டியார் குடாப் பக்கம் போய்விடலாம். அந்தக் குடாவில், மூதூர் அருகே, 1660-இல் சிக்கியவர்தான் 19 வயது ஆங்கிலேய மாலுமி ரொபட் நொக்ஸ். புயலில் பாய்மரத்தை இழந்த கப்பலைத் திருத்த வந்த இடத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். கூடவே பிடிபட்ட தகப்பன் மறு வருடமே காய்ச்சலில் இறக்க, மகனே குழி வெட்டிப் புதைத்தார்.

சிறைக்கூடம் என்று ஒன்றுமில்லை, கிராமத்தில்தான் காவல். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். ஆள் கெட்டிக்காரர்! ஒரு நாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, கிழவர் ஒருவரிடம் ஆங்கில வேதாகமம் இருப்பது தெரியவந்தது. பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

1679-இல் தோழர் ஒருவரோடு தப்பி, அனுராதபுரம் கடந்து, அருவி ஆற்றங்கரைக் காட்டு வழியே அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681-இல் லண்டனில் வெளியானது. நான்கு பாகங்கள்: நாடும் விளைச்சலும், மன்னனின் ஆட்சி, மக்களின் சமயமும் வழக்கங்களும், கடைசியாகத் தன் சொந்தக் கதை. மன்னனைப் பற்றி எழுதும்போது கைதியின் கசப்பு தெரியும். உழவையும் உணவையும் சொல்லும் பக்கங்களை நம்பிப் படிக்கலாம். முன்னுரை எழுதியவர் விஞ்ஞானி ரொபட் ஹூக். ‘ரொபின்சன் குரூசோ’ எழுதிய டானியல் டீஃபோவும் இந்த நூலைப் படித்தவர்தான்.