நாற்று ஏன் வாடியது?

"டீச்சர், தினமும் தண்ணி ஊத்தினேன். என் கத்தரி ஏன் செத்துப்போச்சு?" ஆறாம் வகுப்பு மாணவியின் இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. பிறகுதான் என் தவறு புரிந்தது. காய்ந்த நாற்றங்காலிலிருந்து, காலை பத்து மணிக்கு நாற்றுகளைப் பிடுங்கச் சொல்லியிருந்தேன். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மண்ணிலேயே அறுந்துவிட்டன. இலைகளோ வெயிலில் நீரை இழந்துகொண்டே இருந்தன. வேர் அறுந்த செடிக்கு எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை.

மறுமுறை, 30 நாள் நாற்றுகளை எடுக்கும் முன் நாற்றங்காலை நனைத்தோம். வேர்மண்ணோடு தோண்டியெடுத்து, மாலையில் நட்டு, உடனே நீர் விட்டோம். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். நான்கு நாள்கள் தென்னங்கீற்று நிழல். பிறகு, மேல்மண் காய்ந்தால் மட்டுமே தண்ணீர்.

அதே மாணவியின் செடி துளிர்த்தது. நீராவிப்போக்குப் பாடத்தை இப்போது அந்தப் பாத்தியருகே நடத்துகிறேன்.