பழைய பவர் டில்லரும் பட்டறைத் தேர்வும்

ஜப்பானிய மிட்சுபிஷி கம்பெனியின் கூட்டோடு 1967ஆம் ஆண்டில் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் தோன்றியது. அதன் பவர் டில்லர்கள் சிறு நிலத்தாருக்கு உற்ற துணையாயின. அவற்றுள் பழையவை புகை கக்கி, எண்ணெய் குடித்து, இழுவிசை குன்றும்போது அவற்றைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட எண்ணுவோர் உண்டு. அவசரம் வேண்டா.

லாரித் தொழிலால் பெயர் பெற்ற நாமக்கல்லிலும், ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் மிகுந்த திருச்செங்கோட்டிலும் எஞ்சின் வேலை அறிந்த பட்டறைகள் உள. கூலி குறைவு என்பதை மட்டும் கருதித் தேர்ந்தெடுத்தல் தகாது. அளவெடுத்து வேலை செய்வதே நல்ல பட்டறை. சிலிண்டர், ஹெட்டை ஒட்டிய பகுதியில்தான் மிகுதியாகத் தேயும். ஆதலின் ஹெட் பக்கம், நடு, கிராங்க் பக்கம் ஆகிய மூன்றிடத்தும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, அளவை எழுதித் தருமாறு கேளுங்கள்.

யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. பாகங்கள் கைக்கு வருமுன் இரும்பைக் கடைய ஒப்பாதீர்கள். லைனர் மாற்றத்தக்க எஞ்சினாயின் போரிங்கே வேண்டா. புது லைனரும் பிஸ்டனும் போதும். மற்றவற்றில் வாங்கிய பிஸ்டனுக்கேற்பவே போரிங் செய்தல் வேண்டும். கிராங்க் ஷாப்டையும் கிடைத்த பேரிங்குக்கேற்பவே கடைதல் வேண்டும். கடைந்த இரும்பு மீளாது. பொருந்தும் பாகம் இல்லையேல் செலவு இரட்டிப்பாகும்.

ஒரே மாதிரி எஞ்சின் உடைய அங்கத்தினர்கள் ஒன்றுகூடித் தேடினால், அரிய பாகமும் எளிதில் அகப்படும்.