கெமிஸ்ட்ரி லேபில் இரண்டு மாதம்: கோடை இன்டர்ன்ஷிப்பில் என்னதான் நடக்கும்?

மே மாதம் வந்தால் சென்னை ஐஐடி, பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையம் போன்ற இடங்களின் வேதியியல் ஆய்வகங்களில் புதுமுகங்கள் தெரியும். இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு வந்த மாணவர்கள்.

புது மருந்து கண்டுபிடிக்கப்போறோம்னு கிளம்பினால் ஏமாற்றம்தான். ஆரம்ப நாட்கள் பெரும்பாலும் குடுவை கழுவுவதில் போகும். அதையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். அசிட்டோனில் கழுவிய குடுவை சரியாகக் காயவில்லை என்றால், என்எம்ஆர் எடுக்கும்போது 2.17 பிபிஎம் பக்கத்தில் ஒரு சிகரம் வந்து நிற்கும். நீங்கள் தயாரித்த பொருள் என்று குஷியாகிவிடாதீர்கள், அது அசிட்டோன்! (கரைப்பான் டியூட்டிரியம் குளோரோஃபார்ம் என்றால் இந்தக் கணக்கு.)

அப்புறம் டிஎல்சி தட்டில் புள்ளி வைப்பது, சிலிக்கா நிரப்பிய காலமில் பொருளைப் பிரிப்பது. இதையெல்லாம் சொல்லித் தருவது பேராசிரியர் அல்ல, அநேகமாக பிஎச்டி படிக்கும் அண்ணாவோ அக்காவோதான். அவர்களிடம் "எனக்கு இது தெரியாதுக்கா" என்று சொல்லக் கூச்சப்படுவதுதான் பெரிய ஆபத்து.

ஏன் ஆபத்து? 2008 டிசம்பர் 29. அமெரிக்காவின் யுசிஎல்ஏ ஆய்வகத்தில் ஷெரி சாங்ஜி என்ற 23 வயது உதவியாளர், டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் திரவம் அது. சிரிஞ்சின் உள்தண்டு கழன்று வந்துவிட்டது. லேப் கோட் போடவில்லை. உடுத்தியிருந்த செயற்கை இழை ஸ்வெட்டரில் தீ பற்றியது. 18 நாள் கழித்து இறந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

நம்ம ஊர் கல்லூரி லேபில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுப் பழகியவர்கள் குறைவு. போகும் இடத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். கோட் பருத்தியில் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், ஷூ. ராத்திரியில் தனியாக ரியாக்‌ஷன் போடச் சொன்னால், சொல்பவர் யாராக இருந்தாலும், "முடியாது சார்" என்று சொல்லலாம்.

எப்படிச் சேர்வது? நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆய்வு ஃபெல்லோஷிப் தருகின்றன, உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பத்தை முந்தைய ஆண்டுக் கடைசியிலேயே வாங்கிவிடுவார்கள். ஏப்ரலில் தேடினால் லேட். பணம் கட்டினால் சர்டிஃபிகேட் என்று வரும் வாட்ஸ்அப் விளம்பரங்களை அப்படியே டெலிட் செய்யலாம்.

இன்னொன்று. லேப் நோட்டு ஆய்வகத்துக்கே சொந்தம், வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. சொதப்பின ரியாக்‌ஷனையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த கோடையில் வரும் தம்பி, தங்கைகள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடுவார்கள்.