காற்று எங்கிருந்து வருகிறது?

சித்திரை, வைகாசி மாதங்களில் மயிலாப்பூர் வீடுகளில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு பேச்சு தவறாமல் எழும். "இன்னும் கடல்காற்று வரக்காணோமே!" சாந்தோம் பக்கமிருந்து அது கிளம்பிவிட்டால் கச்சேரி ரோடு வழியாகக் குளக்கரைக்கு வந்து சேர அதிக நேரம் ஆகாது. மாம்பலத்துக்காரர்கள் இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டும். அது வராத நாளில் பட்டணம் வெந்துபோகிறது. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னையில் வெயில் 45 டிகிரி செல்ஷியஸைத் தொட்டது.

இந்தக் காற்றின் சூட்சுமம் எளியது. வெயிலில் தரை சீக்கிரம் சுடும். கடல் மெல்லத்தான் சுடும். தரைமேல் உள்ள காற்று சூடாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. ஆனால் தென்மேற்குப் பருவம் நெருங்கும் சமயத்தில் மேற்கேயிருந்து வரும் மேல்காற்று அதை எதிர்த்து நிற்கும். இரண்டுக்கும் மல்யுத்தம் நடக்கும். எது ஜெயிக்கிறது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குப் புழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம். கடலில் இறங்குகிறவனுக்கோ அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

காற்றாடியில் ஒரு சவாரி

சென்னைவாசிகள் பட்டத்தைக் காற்றாடி என்பார்கள். மொட்டை மாடியில் பறக்கும் அந்தக் காகிதக் காற்றாடியைப் பத்து, பன்னிரண்டு சதுர மீட்டர் அளவுக்குப் பெருக்கி, துணியால் செய்து, விளிம்பில் உள்ள குழாயில் காற்றடைத்து, இருபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள கயிறுகளால் இடுப்பில் பிணைத்துக்கொண்டு, காலடியில் ஒரு பலகையோடு கடலில் சறுக்கினால் அதுதான் 'கைட் சர்ஃபிங்'. பிரான்சு தேசத்து லெகெனூ சகோதரர்கள் இருவர் 1984-ல் இத்தகைய காற்றடைத்த காற்றாடிக்குக் காப்புரிமை கோரினார்கள். நாற்பது ஆண்டுகளில் அது ஒலிம்பிக் வரை போய்விட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் மார்சேய் கடலில் நடந்தது.

நம் நாட்டில் இதற்குப் பேர்போன இடம் ராமேசுவரம். தனுஷ்கோடியை நோக்கி நீளும் மணல்திட்டுக்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. கோடையில் தென்மேற்குக் காற்று, மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்று. காற்று மாறினால் கடலையே மாற்றிக்கொள்ளலாம்! சென்னைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இங்கே இருப்பது ஒரே கடல். அதுவும் கிழக்கே மட்டும். ஆகையால்தான் அடையாறு பக்கத்துக் கரையில் காற்றாடியோடு நிற்க ஆசைப்படுகிறவர், காற்று எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எங்கிருந்து என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரே எண், இரண்டு காற்று

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஒருவர் காற்றுமானியைக் கையில் பிடித்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன யந்திரந்தான். அது 12 நாட் என்று காட்டுகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆகவே சுமார் 22 கிலோமீட்டர் வேகம். பெரிய காற்றாடியைத் தூக்கப் போதுமானதுதான்.

நேரம் பிற்பகல் மூன்று மணி, காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது என்றால் கவலை குறைவு. அது கரையோரமாகச் சாய்ந்து அடிக்கும். தவறி விழுந்தாலும் மணலில் கொண்டுவந்து ஒதுக்கும். ஆனால் அதே 12 நாட், ஆடி மாதத்துக் காலையில் மேற்கிலிருந்து வந்தால்? அது கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும் காற்று. ஊருக்குள் இருக்கும் கட்டடங்களும் மரங்களும் அதை மறித்து நிற்பதால் மணலில் நிற்பவருக்கு அது சாதுவாகத் தெரியும். கரையை விட்டுச் சில நூறு மீட்டர் போனால் மறைப்பு ஏதுமில்லை, வேகம் கூடிவிடும். கையில் உள்ள யந்திரம் பொய் சொல்லவில்லை. தான் நின்ற இடத்துக் காற்றை அது சொன்னது, அவ்வளவே. கயிறு அறுந்து பலகையும் நழுவினால், எதிரே உள்ள அடுத்த கரை அந்தமான். நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர்.

விசித்திரம் என்னவென்றால், இதே கரைக்காற்றுதான் ஒரு காலத்தில் ஊரூர்க் குப்பம், நொச்சிக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களுக்குச் சோறு போட்டது. மோட்டார் வருவதற்கு முன்னால், விடியுமுன் வீசும் கரைக்காற்றில் பாய் விரித்துக் கட்டுமரம் கடலுக்குப் போகும். பிற்பகல் கடல்காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். போகவும் வரவும் செலவில்லாத வாகனம். அவர்களுக்குத் திரும்பும் காற்று எப்போது வரும் என்று தெரிந்திருந்தது. காற்றாடிக்காரருக்கு அது தெரியாவிட்டால் அதே காற்று யமன்.

தமிழில் காற்றுக்குப் பெயர் வைத்தவர்களும் வேகத்தைப் பார்த்து வைக்கவில்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. கடலோரத்தில் மேல்காற்றைக் கச்சான் என்றும் சொல்வதுண்டு. போகும் திசையால் அல்ல, புறப்பட்ட திசையால் பெயர். இன்றைய வானிலை நிபுணர்களும் அப்படியே செய்கிறார்கள். பெயருக்குப் பதில் பாகையைச் சொல்கிறார்கள். கிழக்குக் காற்று 90, தெற்கு 180, மேற்கு 270.

அளப்பது எப்படி?

கிண்ணங்கள் சுழலும் காற்றுமானியை 1846-ல் அமைத்தவர் அயர்லாந்து வானசாஸ்திரி ராபின்சன். சென்னைக்கு அதற்கு முன்பே வானத்தைப் பார்க்கும் பழக்கம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வான ஆராய்ச்சி நிலையம் கட்டினார்கள். இன்றும் பட்டணத்தின் வானிலை அலுவலகம் அந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. உலகமெங்கும் ஒப்புக்கொண்ட முறைப்படி காற்றைத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், பத்து நிமிஷச் சராசரியாக அளக்க வேண்டும். அருகில் கட்டடம் இருந்தால் அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும்.

எலியட்ஸ் கடற்கரைக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் மணலில் நிற்கும் வெள்ளை ஷ்மிட் நினைவுச் சின்னம் தெரியும். 1930-ல் இந்தக் கடலில் பிறரைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை விட்ட வெளிநாட்டுக்காரரின் ஞாபகார்த்தம் அது. அந்தச் சுவரின் நிழலில் நின்று அளப்பவருக்குக் காற்று கிடைக்காது, சுழல்தான் கிடைக்கும். தண்ணீர் ஓரத்துக்கே போய், கையை உயர நீட்டி, சில நிமிஷங்கள் பொறுத்து, அதிகம் எவ்வளவு, குறைவு எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். சராசரி 15 என்று எழுதிவிட்டுத் திடீர் வீச்சு 25-ஐத் தொட்டதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பெரும் பிசகு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் உந்துதல் நான்கு மடங்காகும். 10 நாட்டில் நாய்க்குட்டி போல் இழுத்த காற்றாடி, 20 நாட்டில் ஆளையே தூக்கி எறியும்.

கைபேசியில் வரும் முன்னறிவிப்பு உதவாதா என்றால், உதவும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீனவர்களுக்காகவே கடலின் நிலையையும் காற்றையும் அறிவித்து வருகிறது. ஆனால் அந்தக் கணக்குகள் பல கிலோமீட்டர் பரப்புக்குச் சேர்த்துச் சொல்பவை. பெசன்ட் நகரில் மேல்காற்று ஓய்ந்து கடல்காற்று திரும்பும் அந்தச் சில நிமிஷங்களை அவை பிடித்துவிடும் என்று நம்பி இறங்க முடியாது.

யந்திரம் இல்லாதவர்கள் கடலையே பார்க்கலாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி போஃபோர்ட் பெயரால் வழங்கும் அளவுமுறையில் அலைகளே சாட்சி. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் 7 முதல் 10 நாட். அடிக்கடி தெரிந்தால் 11 முதல் 16. கடல் முழுதும் வெளுத்துக் கிடந்தால் 17-க்கு மேல். திசைக்கு ஒரு பிடி காய்ந்த மணல் போதும். தோள் உயரத்திலிருந்து மெல்ல உதிர்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அது கடலை நோக்கிச் சாய்ந்தால், காற்றாடியைச் சுருட்டி வைத்துவிட்டுப் பிற்பகல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.