நிலம் இருந்தால் போதுமா? வழி வேண்டாமா?

தோட்டத்து அன்பர்களே! வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். "நமக்குன்னு ஒரு துண்டு நிலம் இருந்தா நிம்மதி" என்று நினைக்காத பாட்டாளி உண்டா? அந்த ஆசையிலேதான் சிலர் அவசரப்பட்டு மாட்டிக் கொள்கிறார்கள்.

முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய அன்பர் ஒருவர், சேமநிதிப் பணத்தைப் போட்டு இரண்டு ஏக்கர் செம்பனை நிலம் வாங்கினார். மலிவான விலை. கிராண்டும் அவர் பெயருக்கு மாறிவிட்டது. பக்கத்து நிலத்தின் ஊடே ஒரு மண்பாதை. "காலங்காலமா எல்லாரும் போற வழிதாண்ணே, கவலப்படாதீங்க" என்றார் தரகர்.

இரண்டு வருடத்தில் பக்கத்து நிலம் கைமாறியது. புதிய சொந்தக்காரர் கம்பிவேலி போட்டு விட்டார். லாரி உள்ளே போக முடியவில்லை. வெட்டிய குலைகள் அங்கேயே கிடந்து அழுகின. "நெலம் என்னுதுதான், போறதுக்குத்தான் வழியில்ல" என்று நம்மிடம் கண் கலங்கினார்.

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நடப்பில் உள்ளது. பிறர் நிலத்தில் எத்தனை வருடம் நடந்திருந்தாலும், அந்தப் பழக்கத்தால் மட்டும் வழியுரிமை வந்துவிடாது என்று அதன் 284-ஆம் பிரிவு கூறுகிறது. முந்தைய சொந்தக்காரர் வாய்வார்த்தையாகக் கொடுத்த அனுமதியும் புதியவரைக் கட்டுப்படுத்தாது.

மாட்டிக் கொண்டவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பக்கத்து நிலக்காரரோடு பேசி, வழியுரிமையை எழுதி வாங்கி, நில அலுவலகத்தில் பதிவு செய்வது. பதிந்துவிட்டால் நிலம் யார் கைக்குப் போனாலும் வழி நிற்கும். அவர் இணங்காவிட்டால், வழி கேட்டு நில நிர்வாகியிடம் மனுச் செய்யலாம். அவர் விசாரணை நடத்தி முடிவு செய்வார். வழி கிடைத்தாலும் பக்கத்து நிலக்காரருக்கு நஷ்டஈடு உண்டு. அதைக் கொடுக்க வேண்டியவர் வழி கேட்டவரே. காலமும் பிடிக்கும்; காசும் கரையும்.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை இவை:

நில அலுவலகத்தில் அந்த நிலத்தின் பதிவைத் தேடிப் பார்க்கும் 'சாரியான் ரஸ்மி' எடுங்கள். வழியுரிமை பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெலானைக் கேட்டு வாங்குங்கள். அரசாங்கச் சாலையோ சாலைக்கென ஒதுக்கிய நிலமோ உங்கள் எல்லையைத் தொடுகிறதா? தொட்டால், அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். பெலானில் சாலை இருக்கும். தரையிலே ஓடையும் காடும் இருக்கும்!

தரகர் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரை வைத்து, "இதுக்குச் சட்டப்படி வழி இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள்.

வியர்வை சிந்திச் சேர்த்த பணம், அன்பர்களே! மண்ணைப் பார்க்குமுன் வழியைப் பாருங்கள்.